கையை வீசி ஆடுகிற கன்சோல்: முதல் தடவை வாங்குபவர் எதை எடுப்பது?

கேள்வி:
எனக்கு 46 வயது, வீடியோ கேம் ஆடியதே இல்லை. கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தால் எந்த விரலை எங்கே வைப்பது என்று முழிக்கிறேன். அதனால் கையை வீசினால் ஓடுகிற மாதிரி ஒன்றுதான் வேண்டும். வீட்டில் நான், மனைவி, 8 வயதுப் பையன், அம்மா. தெரிந்தவர் ஒருவர் பழைய கினெக்ட் (எக்ஸ்பாக்ஸ் கன்சோலில் மாட்டுகிற கேமரா) தருகிறேன் என்கிறார், இன்னொருவர் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் லைட் போதும் என்கிறார். கையில் எதுவுமே பிடிக்காமல் கேமராவே நம்மைப் பார்த்துக்கொள்ளும் என்றால் புதியவருக்கு அதைவிடச் சுலபம் ஏது, கினெக்ட்தான் சரி என்று எனக்குப் படுகிறது. தப்பா?

ஆகஸ்ட் 2, இரவு 11.20
தப்புதான். கினெக்ட் வேண்டாம். ஸ்விட்ச் வாங்குங்கள், எந்த மாடல் என்றாலும் சரி. காரணம் நாளைக்கு, இப்போது கண் சொருகுகிறது.

ஆகஸ்ட் 3, காலை 7.05
"எந்த மாடல் என்றாலும்" என்று தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டேன், அதை அடித்துவிடுங்கள். லைட் கூடாது. 2019-ல் வந்த அந்த மாடலில் இரண்டு பக்கத்துக் கன்ட்ரோலரும் உடம்போடு சேர்ந்தது, கழற்ற வராது. டிவியோடும் இணைக்க முடியாது. டென்னிஸ் மட்டையை வீச வேண்டுமென்றால் 5.5 அங்குலத் திரையையும் சேர்த்து வீச வேண்டும், பந்து எங்கே வருகிறது என்று பார்க்க நீங்களும் கூடவே சுற்ற வேண்டும். 2017-ல் வந்த முதல் மாடல், அல்லது 2021-ல் வந்த ஓஎல்இடி திரை மாடல், இந்த இரண்டில் ஒன்று.

ஆகஸ்ட் 3, மதியம்
ஒருவர் திருத்துகிறார்: லைட்டிலும் தனியாக ஜாய்-கான் (மற்ற ஸ்விட்ச் மாடல்களில் கழற்ற வருகிற குட்டிக் கன்ட்ரோலர்) வாங்கி வயர்லெஸ்ஸாக இணைக்கலாமே என்று. இணைக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். சார்ஜ் ஏற்ற வேறு வழி தேட வேண்டும், அப்புறம் அந்தக் குட்டித் திரையை மேஜையில் நிறுத்திவிட்டு நாலு பேர் முட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். குடும்பத்தோடு ஆட நினைப்பவருக்கு அது ஒரு வழியே இல்லை.

சரி, கினெக்ட். அது கெட்ட பொருள் இல்லை. 2010 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்தபோது முதல் 60 நாளில் 80 லட்சம் விற்றது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுக்கத் தெளித்து, அந்தப் புள்ளிகள் எப்படி விலகி விழுகின்றன என்று பார்த்து யார் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்று கணக்குப் போடுகிற கருவி அது. அன்றைக்கு அது மாயாஜாலம்தான். என் சிக்கல் வேறு.

முதலில் இடம். ஒருவர் ஆடவே கேமராவிலிருந்து கிட்டத்தட்ட 1.8 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், இருவர் என்றால் 2.4 மீட்டர். அளவு நாடாவை எடுத்து டிவியிலிருந்து சோபா வரைக்கும் ஒரு தடவை பிடித்துப் பாருங்கள், நிறைய வீட்டில் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஜன்னல் வழியாக நேர் வெயில் விழுந்தாலும் அந்தப் புள்ளிகள் அதில் கரைந்துபோகும்.

அடுத்தது வயது. உங்களுடையது இல்லை, கருவியுடையது. 2017-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். எக்ஸ்பாக்ஸ் 360-இன் இணையக் கடையும் 2024 ஜூலையில் மூடியாயிற்று, இனிமேல் கையில் இருக்கும் டிஸ்க் மட்டும்தான் ஆட்டம். இன்னொன்று, 360-இன் ஆரம்ப கால மாடல் என்றால் கினெக்ட்டுக்குத் தனியாக ஒரு பவர் அடாப்டர் வேண்டும். தருகிறேன் என்பவரிடம் அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், அவர் பரணில் ஏறித் தேடுவார்.

ஆகஸ்ட் 3, மாலை
கினெக்ட் பற்றி ஒன்று விட்டுப்போச்சு, உண்மையில் இதுதான் முக்கியம். கையில் எதுவும் இல்லாமல் இருப்பது சுலபம் என்று நானும் நினைத்திருந்தேன். நண்பர் வீட்டில் ஆடிப் பார்த்தபோது தெரிந்தது: நாம் செய்தது கருவிக்குப் புரிந்ததா இல்லையா என்று நமக்குத் தெரிவதே இல்லை. பட்டனை அமுக்கினால் விரலுக்குத் தெரியும், கன்ட்ரோலர் அதிர்ந்தால் உள்ளங்கைக்குத் தெரியும். வெறும் கையைக் காற்றில் வைத்துக்கொண்டு, திரையில் ஒரு வட்டம் நிரம்புகிற வரைக்கும் அப்படியே நிற்பது பஸ்ஸை நிறுத்தக் கை காட்டுகிற மாதிரிதான், நின்றாலும் நிற்கும், நிற்காமலும் போகும். பழகினவருக்குப் பரவாயில்லை. புதியவர் "நான்தான் தப்பாகச் செய்கிறேன்" என்று உட்கார்ந்துவிடுவார். நான் உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 4
"கையை வீசுவதைக் கருவி எப்படித் தெரிந்துகொள்கிறது, எல்லாம் ஒன்றுதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றில்லை, அந்த வித்தியாசம் புரிந்தால் எதை வாங்குவது என்பது பாதி முடிந்த மாதிரி.

கொத்தனார் கையில் தூக்குக்குண்டு பார்த்திருப்பீர்கள். அது சுவர் சாய்ந்திருக்கிறதா என்று சொல்லும், வீட்டு வாசல் கிழக்கா வடக்கா என்று சொல்லாது. ஸ்விட்ச்சுக்கு முன்னால் நிண்டெண்டோ விட்ட வீ (Wii) கன்சோலின் முதல் கன்ட்ரோலருக்குள் இருந்த முடுக்கமானி அந்த மாதிரிதான். எந்தப் பக்கம் பூமி என்று தெரியும், எவ்வளவு வேகமாக உதறினீர்கள் என்று தெரியும். குண்டு தொங்குகிற கோட்டைச் சுற்றி மெல்லத் திருப்பினால் மட்டும் அதற்குத் தெரியாது. அதனால்தான் வீ டென்னிஸில் முழுக் கையை வீசுபவரும், சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டை மட்டும் வெட்டுபவரும் ஏறக்குறைய ஒரே அடி அடித்தார்கள். 2009-ல் மோஷன் பிளஸ் என்று பின்னால் செருகுகிற ஒரு துண்டு வந்தது, அதற்குள் இருந்தது கைரோ. அது திரும்புகிற வேகத்தை அளக்கும். ஜாய்-கானில் முடுக்கமானி, கைரோ இரண்டும் முதலிலிருந்தே உண்டு. 2010-ல் பிளேஸ்டேஷன் மூவ் வேறு வழியில் போனது: கன்ட்ரோலர் தலையில் ஐஸ்கிரீம் உருண்டை மாதிரி ஒளிர்கிற பந்து, அதைக் கேமரா பார்க்கும், பந்து பெரிதாகத் தெரிந்தால் கை பக்கத்தில், சிறிதாகத் தெரிந்தால் தூரத்தில். எனக்கு இவற்றில் பிடித்த யோசனை அதுதான், ஆனால் ஆட்டங்கள் நின்றுபோயின.

அப்புறம் வீ கன்ட்ரோலரால் திரையில் ஓர் இடத்தைக் குறிபார்க்கவும் முடியும், டிவி மேல் வைக்கிற சென்சார் பார் உங்கள் கை எங்கே என்று பார்த்துச் சொல்லும்.

ஆகஸ்ட் 4, இரவு
கடைசி வரி தப்பு. தப்பென்று எனக்கே தெரியும், இருந்தும் பெயர் ஏமாற்றிவிட்டது. சென்சார் பார் எதையும் பார்ப்பதில்லை. இரண்டு முனையிலும் அகச்சிவப்பு விளக்குகள், அவ்வளவுதான். பார்ப்பது கன்ட்ரோலரின் மூக்கில் இருக்கும் கேமரா. கன்சோலுக்குப் போகிற அந்த ஒயர் மின்சாரத்துக்கு மட்டும்.

இது எனக்குத் தெரிய வந்த கதை வேறு. நான் வாங்கிய முதல் கன்சோலே செகண்ட் ஹேண்ட் வீ. வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தால் பார் இல்லை. விற்றவருக்குப் போன் போட்டேன், "அது இல்லாமலும் ஓடும் சார்" என்றார். ஓடியது, முதல் மெனுவைத் தாண்டவே முடியவில்லை. எங்கோ படித்துவிட்டு என் மகள் இரண்டு மெழுகுவர்த்தியை ஒரு சாண் இடைவெளியில் டிவி முன்னால் ஏற்றி வைத்தாள். கன்ட்ரோலரைக் காட்டியதும் திரையில் குட்டிக் கை வந்து நின்றது. சுடரிலும் அகச்சிவப்பு உண்டல்லவா, அது போதும். அப்பா உள்ளே வந்து பார்த்துவிட்டு "கரண்ட் போயிடுச்சா, டிவி மட்டும் எப்படி எரியுது?" என்றார்.

தயவுசெய்து யாரும் இதைத் தினமும் செய்யாதீர்கள். பேட்டரியில் ஓடுகிற வயர்லெஸ் பார்கூடத் தனியாகக் கிடைக்கிறது. ஸ்விட்ச்சில் இந்தத் தலைவலியே இல்லை, பார் என்று ஒன்று கிடையாது.

ஆகஸ்ட் 9
கன்சோலை விட்டுவிட்டு டிவியைப் பற்றிச் சொல்ல வேண்டும், யாரும் சொல்லமாட்டார்கள்.

முதல் மூன்று வாரம் எனக்கு டென்னிஸ் வரவே இல்லை. பந்து வரும், வீசுவேன், பந்து என்னைத் தாண்டிப் போன பிறகு திரையில் இருக்கும் பொம்மை மட்டையைத் தூக்கும். வயதாகிவிட்டது, நமக்கு இது சரிப்படாது என்றே முடிவு கட்டினேன். ஒருநாள் மகள் டிவி சத்தத்தை நிறுத்திவிட்டு ஆடிக்கொண்டிருந்தாள். வீ கன்ட்ரோலருக்குள்ளேயே குட்டி ஸ்பீக்கர் ஒன்று உண்டு, பந்து பட்டால் கையிலிருந்து 'டொக்' என்று கேட்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்: முதலில் 'டொக்', அதற்கப்புறம்தான் திரையில் பந்து மட்டையில் படுகிறது. கன்சோல் அடித்து முடித்துவிட்டது, டிவி இன்னும் காட்டவில்லை.

படத்தை மெருகேற்றுகிறேன் பேர்வழி என்று டிவி ஒவ்வொரு காட்சியையும் பிடித்து வைத்து, சீவிச் சிங்காரித்து, அப்புறம்தான் வெளியே விடுகிறது. படம் பார்க்கும்போது அது தெரியாது. கையை வீசும்போது தெரியும். டிவி அமைப்புகளில் கேம் மோட் என்று இருக்கும், அதைப் போட்டால் அந்தச் சிங்காரம் பெரும்பாலும் நின்றுவிடும். நிறம் கொஞ்சம் வெளிறும், போகட்டும். அன்றைக்குச் சாயங்காலமே மகளை ஒரு செட் ஜெயித்தேன்.

பட்டன் ஆட்டத்தில் பழகிய விரல் இந்தத் தாமதத்தைத் தானாகச் சரிக்கட்டிக்கொள்ளும். புதியவரின் தோளுக்கும் முழங்கைக்கும் அது தெரியாது, நிஜ மட்டையைப் பிடித்த மாதிரிதான் வீசும். எனவே கன்சோல் வாங்குவதற்கு முன்னால் ரிமோட்டை எடுத்துக் கேம் மோட் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆகஸ்ட் 10
மகள் இதைப் படித்துவிட்டாள். அந்த செட்டில் தன் கன்ட்ரோலரில் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது என்கிறாள். பதிவுக்காக.

ஆகஸ்ட் 17
உங்கள் அம்மாவும் ஆடுவாரா என்று கேட்டேன், "பார்ப்பாங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் அப்பாவும் பார்க்கத்தான் வந்தார்.

வீ பவுலிங்கில் கன்ட்ரோலரின் அடியில் ஒரு பட்டனை விரலால் அழுத்திப் பிடித்தபடி கையைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் வீச வேண்டும், சரியான நேரத்தில் அந்தப் பட்டனை விட்டால் பந்து உருளும். அப்பாவை நிற்க வைத்தேன். கையைப் பின்னால் கொண்டுபோனார், அழகாக முன்னால் கொண்டுவந்தார், நான் "இப்ப விடுங்க!" என்றேன். விட்டார். கன்ட்ரோலரை. மணிக்கட்டில் கயிறு இருந்ததால் டிவி தப்பித்தது. அது அவர் முழங்காலில் இடித்துவிட்டுத் தொங்கியது. "நீதானே விடச் சொன்னே" என்றார், அதில் குற்றம் காண முடியாது.

அந்தக் கயிற்றை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீ 2006-ல் வெளிவந்த சில வாரத்திலேயே, வீசுகிற வேகத்தில் மெல்லிய கயிறு அறுந்துபோகிறது என்று தடிமனான கயிறாக மாற்றிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அடுத்த வருடம் ரப்பர் உறையும் சேர்ந்துகொண்டது. ஜாய்-கானுக்கும் பக்கத்தில் நழுவிச் செருகுகிற கயிறு உண்டு. அதைத் தலைகீழாகச் செருகினால் சிக்கிக்கொள்ளும், பிடுங்குவதற்குள் உயிர் போகும். கூட்டல் குறி இருக்கும் கயிறு கூட்டல் குறிக் கன்ட்ரோலருக்கு, கழித்தல் குறி கழித்தலுக்கு. இதைச் செய்யாமல் ஒரு மணி நேரம் கத்தியும் கையுமாக உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்.

இடது கைக்காரர் வீட்டில் இருந்தால் ஆட்டம் தொடங்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள், கேட்கும். எங்கள் அக்கா ஒரு மாதம் இடது கையால் வீசினாள், பொம்மை வலது கையால் அடித்தது, "இது என் பேச்சைக் கேட்கவில்லை" என்றாள்.

ஆகஸ்ட் 24
வந்த கேள்விகளுக்கு மொத்தமாக.

ரிங் ஃபிட் (ஸ்விட்ச்சுக்கு ஒரு வளையத்தோடு வருகிற உடற்பயிற்சி ஆட்டம்): நல்லதுதான், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான். வளையத்தைக் கையால் அமுக்கி இழுத்து, இன்னொரு ஜாய்-கானைத் தொடையில் பட்டையால் கட்டிக்கொண்டு, நின்ற இடத்தில் ஓடுவது. கீழ்த்தளத்தில் ஆள் இருந்தால் ஓட்டத்துக்குப் பதில் முழங்காலை மட்டும் மடக்குகிற அமைப்பு ஒன்று இருக்கிறது, முதல் நாளே போட்டுவிடுங்கள். எனக்கு அது இரண்டாம் நாள் தெரிந்தது. கீழ் வீட்டுக்காரர் மேலே ஏறி வந்து "வீட்டுல எதாவது வேலை நடக்குதா?" என்று மரியாதையாகக் கேட்ட பிறகு.

ஸ்விட்ச் 2: 2025 ஜூனில் வந்தது. பழைய ஸ்விட்ச் ஆட்டங்கள் பெரும்பாலும் அதில் ஓடும். கையை வீசுவதற்காக மட்டும் என்றால் அவசியமில்லை, மேலும் புது ஜாய்-கானில் பழையதில் இருந்த அகச்சிவப்புக் கேமரா இல்லை, ரிங் ஃபிட்டுக்குப் பழைய ஜாய்-கானைத்தான் தேட வேண்டும்.

தலையில் மாட்டுகிற விஆர்: கையசைவு என்று பார்த்தால் இவற்றையெல்லாம் விடத் துல்லியம். ஆனால் ஆடுபவர் ஒரு உலகத்திலும் மற்றவர்கள் வேறு உலகத்திலும் இருப்பார்கள். கண் நகர்கிறது என்கிறது, காது உள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு நகரவில்லை என்கிறது, வயிறு இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. நின்ற இடத்திலேயே ஆடுகிற ஆட்டம் என்றால் அவ்வளவு தொந்தரவில்லை. நான் ஒரே ஒரு தடவை போட்டுக் கதவில் முட்டினேன்.

'டிரிஃப்ட்' என்றால் என்ன: இரண்டு வெவ்வேறு விஷயத்துக்கு ஒரே பெயர், அதில்தான் குழப்பம். கட்டைவிரலால் தள்ளுகிற குச்சி தேய்ந்து தானாக ஒரு பக்கம் நகர்வது ஒன்று, அது ரிப்பேர். மற்றது கைரோவுடையது. அது திரும்புகிற வேகத்தைக் கூட்டிக் கூட்டித்தான் திசையைக் கணக்கிடுகிறது, ஒவ்வொரு கூட்டலிலும் துளி பிழை சேர்ந்து, கொஞ்ச நேரத்தில் நேராகப் பிடித்த மட்டை திரையில் கோணலாக நிற்கும். இது பழுதில்லை. கன்ட்ரோலரை மேஜையில் படுக்க வைத்து, அமைப்புகளில் அசைவுச் சரிபார்ப்பை ஓட்டினால் போதும். வாஷிங் மெஷின் ஓடும்போது அதன் மேல் வைத்துச் செய்யாதீர்கள், சிரிக்காதீர்கள், செய்திருக்கிறேன்.

செப்டம்பர் 7
ஒரு மறுயோசனை. ஆரம்பத்தில் அடித்துச் சொன்னேன் ஸ்விட்ச் என்று. அப்புறம் பார்த்தால் நான் எழுதிய கதை எல்லாமே வீ கதை. ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு, "அப்ப ஏன் அவருக்கு வீ சொல்லவில்லை?" என்கிறார். நியாயமான கேள்வி.

10 கோடிக்கு மேல் விற்ற கன்சோல், பழையது எங்கேயும் கிடைக்கும், வீ ஸ்போர்ட்ஸ் டிஸ்க் பெரும்பாலான நாடுகளில் பெட்டியோடேயே வந்தது. பட்டன் தெரியாதவருக்கு இன்றைக்கும் அதைவிட எளிய வாசல் இல்லை. ஆனால் அதன் இணையக் கடை 2019 ஜனவரியில் மூடிவிட்டது. எச்டிஎம்ஐ கிடையாது. மஞ்சள் வெள்ளை சிவப்பு ஒயர் செருக உங்கள் டிவியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஒரு மாற்றி வாங்க வேண்டும், படம் என்னவோ கண்ணாடி போடாமல் பார்ப்பது போலத்தான் இருக்கும். டிஸ்க் படிக்கிற லென்ஸ் தேய்ந்திருக்கலாம், வாங்குகிற இடத்திலேயே ஒரு டிஸ்க்கைப் போட்டு ஓட்டிப் பாருங்கள், பெட்டிக்குள் பார் இருக்கிறதா என்று எண்ணிக்கொள்ளுங்கள் (மேலே பார்க்க, மெழுகுவர்த்தி).

அதைவிட எனக்கு உறுத்துவது உங்கள் பையன். அவன் ஆறு மாதத்தில் கையை வீசுவதை விட்டுவிட்டுப் பட்டன் ஆட்டம் கேட்பான். சொல்லப்போனால் நீங்களே கேட்பீர்கள். என் கட்டைவிரலுக்கு வழி தெரிய நாலு மாதம் ஆயிற்று. முதலில் ஒரு பட்டன், அப்புறம் இரண்டு, அப்புறம் குச்சி, எப்போது எப்படி வந்தது என்றே தெரியவில்லை. வீயில் அந்த இடத்தில் ஆட்டம் தீர்ந்துவிடும், ஸ்விட்ச்சில் அப்போதுதான் தொடங்கும். அதனால் உங்களுக்கு ஸ்விட்ச், பேச்சு மாற்றமில்லை. பெட்டியில் வருகிற ஒரு ஜோடி ஜாய்-கானை ஆளுக்கொன்றாகப் பிடித்து இருவர் ஆடலாம், நாலு பேருக்கு இன்னொரு ஜோடி. முதல் டிஸ்க்... டிஸ்க் இல்லை, கார்டு. முதல் கார்டு ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸ். அதில் பேட்மிண்டன் போடுங்கள். டென்னிஸைவிட அது சீக்கிரம் பிடிபடும், ஒருவருக்கு எதிரே ஒருவர், இரட்டையர் குழப்பம் இல்லை.

பெரியவர்கள் மட்டும் இருக்கிற வீடு, சாயங்காலம் பவுலிங் போதும் என்றால் என் பதில் வீதான்.

செப்டம்பர் 21
வாங்கிவிட்டீர்கள், நல்லது. அம்மா ஒரு கை பார்த்ததும் நல்லது. "அவங்க உட்கார்ந்துகிட்டே ஆடலாமா, விதிப்படி சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆடலாம், யாரும் அவுட் கொடுக்கமாட்டார்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியாகப் போடுங்கள், முழங்கை இடிக்காது. பையனை வீசுகிற கைப்பக்கம் நிற்க வைக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் வீ இன்னும் இருக்கிறது, மகள் தொடுவதில்லை. அப்பா மதியத் தூக்கம் முடிந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கையையே தூக்காமல் மணிக்கட்டை ஒரு வெட்டு. நேற்று தொடர்ந்து ஏழு ஸ்ட்ரைக். எட்டாவதுக்கு நான் "விடுங்க!" என்று கத்தினேன், திரும்பி ஒரு பார்வை பார்த்தார், பந்து ஓரமாகப் போய்விட்டது. இன்று காலையிலிருந்து என்னிடம் பேசவில்லை.